வேப்பமரத்துக்குக் கட்டிய மஞ்சள் சேலை

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு அவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். போன மாதம் உங்களில் ஒருவர் எழுதிய அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ‘மரம் பட்டுப்போனதற்குக் காரணம் வெப்பம்’ என்று ஒரே வரி. எந்த வெப்பம் ஐயா? சென்னையில் வெப்பம் படாமல் நிற்கிற மரம் எது? மரத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா, பட்டையைச் சுரண்டிப் பார்த்தீர்களா, ஒரு முறையாவது சுற்றி வந்தீர்களா? ஒன்றும் கிடையாது. போட்டோ மட்டும் பிரமாதமாக இருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறட்டும் என்றுதான் இதையெல்லாம் அனுப்பி வைக்கிறார்கள் போலிருக்கிறது.

நம் வேலை சின்ன வேலை. அடுக்குமாடிக்காரர்களும் பள்ளிக்கூடக்காரர்களும் கூப்பிடுகிறார்கள், நாம் போய் மரத்தைப் பார்க்கிறோம், ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறோம். அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் மரத்தை வெட்டுகிறார்கள், அல்லது விட்டுவைக்கிறார்கள். மரத்தடியில் பிழைக்கிற மனுஷர்களின் கதியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதை மறந்துவிட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஆழ்வார்பேட்டை வேப்பமரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போது கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது மூன்று மாடிக் குடியிருப்பு. மதில் சுவரை ஒட்டித் தெருவோரம் நின்றது அந்த வேம்பு, இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் நிழலில் கன்னியம்மாவின் இஸ்திரி வண்டி. கன்னியம்மா முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தவள். அந்த வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கட்டடத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அங்கே இஸ்திரிக்குத் துணி கொடுக்க ஆளில்லை. அதனால் தினமும் விடியற்காலையில் பஸ் பிடித்து இதே மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தாள். கரி கனலும் பெட்டியைப் பிடித்து நாள் முழுக்க நிற்கிற வேலை. தலைக்கு மேல் நிழல் இல்லாவிட்டால் சித்திரை வைகாசியில் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

ஓர் ஆடி மாதம் அந்தக் குடியிருப்பின் சங்கத்திலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. மரம் காய்கிறது, இஸ்திரி வண்டியின் சூடும் சாம்பலும்தான் காரணம், மரத்தை வெட்ட வேண்டும், வண்டியையும் அப்புறப்படுத்த வேண்டும், இதற்கு ஒரு சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்ன முடிவு வர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள் பாருங்கள். முதலில் போனவர் நம் ஆபீஸ்காரர், எம்.எஸ்ஸி. தாவரவியல். பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது அவர்தான் உங்களுக்கு வகுப்பெடுக்கிறார் என்று கேள்வி. எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, ‘கரி வெப்பத்தாலும் சாம்பலாலும் வேர் கருகியது’ என்று எழுதி வைத்துவிட்டார். மூத்தவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஒரு எட்டு பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா” என்றார் முதலாளி. “நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கறதுக்கு லாரி சொல்லியிருக்காங்களாம்.”

அவர் சொன்ன கையோடு அங்கே போனேன், வெள்ளிக்கிழமை காலை. ஆடி வெள்ளி. மரத்தின் நடுமார்பில் மஞ்சள் சேலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை மாலை போட்டிருந்தது. அடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கன்னியம்மா கும்பிட்டுவிட்டு அப்போதுதான் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். அறிக்கைக்காரி என்று தெரிந்ததும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“மேடம், மெய்யாலுமே நான் சாம்பல அங்க கொட்றதே இல்ல மேடம். தோ பாருங்க, டின்னு. இதுல கொட்டி பாத்திரம் வெளக்கறவங்களுக்குக் குடுத்துடுவேன். எப்பனா காத்துல கொஞ்சம் பறந்து வுழும். அதுக்காண்டி அம்மனையே நான் கொன்னுட்டேன்னு சொல்றாங்களே, இன்னா மேடம் நாயம் இது?”

நான் மரத்தைப் பார்த்தேன். உச்சிக் கிளைகள் எல்லாப் பக்கமும் காய்ந்திருந்தன. மீதி இலை வெளிறிப்போய்ச் சிறுத்திருந்தது. அதே தெருவில் மற்ற வேம்புகள் கருகருவென்று இருந்தன. அப்புறம் குனிந்து தூரைப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. தரையை ஒட்டி, வண்டிப் பக்கத்திலேயே, சாம்பல் படிந்திருந்த இடத்திலேயே, பளபளவென்று புதுக் குருத்துகள் கொத்தாக முளைத்திருந்தன. வேர் கருகியிருந்தால் குருத்து எப்படி வரும்? சூடு பட்டிருந்தால் வண்டிப் பக்கத்துக் கிளைகள்தானே முதலில் போக வேண்டும், எல்லாப் பக்கமும் எப்படி ஒரே மாதிரி போகும்? எம்.எஸ்ஸி. படித்தவர் கொஞ்சம் குனிந்திருக்கலாம். இடுப்பு வலித்ததோ என்னவோ.

இரண்டாவதாக ஒன்று கண்ணில் பட்டது. சேலைக்குக் கீழே இருந்த மரத்தைவிடச் சேலைக்கு மேலே இருந்த மரம் பருத்திருந்தது. கயிறு இறுக்கிக் கட்டிய விரல் வீங்குமே, அந்த மாதிரி. வேம்பு மேலே போகப் போகச் சிறுக்கும், நடுவில் பருக்காது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த மாத்திரத்தில் கை தன்னாலே சேலையின் முடிச்சுக்குப் போய்விட்டது.

“ஏய், இன்னாம்மா பண்ற!” என்று கன்னியம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. “ஆடி வெள்ளியும் அதுவுமா அம்மன் மேல கை வெக்கிற? நீ இன்னா ஆபீசரா இருந்தாலும் சர்தான், எட்டப் போ. கைய எடு சொல்றேன்!”

சேலையைக் காப்பாற்ற அவள் மரத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். பால் வாங்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர், பூக்காரம்மா எல்லோரும் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டுச் சங்கத்துச் செயலாளர் இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு.

“மேடம், இதெல்லாம் ஜனங்களோட நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆடி முடியட்டும், நானே ஐயரை வெச்சு முறையா அவிழ்த்துத் தர்றேன். இப்ப ரிப்போர்ட்ல கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“சேலையைக் கட்டினது யாரு?” என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாவே பெருமையாகச் சொன்னாள். “சாருதான் கட்டனாரு. பொங்கலுக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், அம்மனுக்கு சேல கட்டி, பொட்டு வெச்சு, அப்டியே கண்ண பறிக்குது. அன்னிலேர்ந்து வெள்ளிக்கெயமன்னா நான்தான் மஞ்சத் தண்ணி தெளிச்சி கற்பூரம் ஏத்தறேன். வண்டிய எடுன்னு சொல்றாரு, அது வேற. ஆனா பக்தியான மனுசன்.”

நான் அந்த மனுஷனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வயிறு எரிகிற கோபத்தில் நான் அந்தச் சேலையை ஒரே இழுப்பாக இழுத்திருக்கலாம். அவ்வளவு பக்கத்தில்தான் நின்றேன். இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மன் சேலையை உருவியவள் என்று நான் போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருப்பேன். மரத்தில் என்ன இருந்தது என்று ஒருத்தர் கண்ணிலும் பட்டிருக்காது. செயலாளர் அதைத்தான் எதிர்பார்த்தார். துணியைத் தேர்ந்தெடுத்த புத்தி அப்படி. சாக்குப் பையைச் சுற்றியிருந்தால் ஒரு நாயாவது இழுத்துப் போட்டிருக்கும். மஞ்சள் சேலையை இந்த ஊரில் எவன் தொடுவான்? அதுவும் யாரைத் தொலைக்கப் பார்க்கிறாரோ அவளையே அதற்குக் காவல் வைத்துவிட்டார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். அப்போது முதல் மாடியிலிருந்து ஒரு மாமி காய்கறிப் பையோடு இறங்கி வந்தார். அந்தத் தெருவில் வெகுகாலமாக இருப்பவர்.

“என்னம்மா கலாட்டா? இந்த மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதேங்கோ. இந்த வருஷம் பூ கொட்டித்து பாருங்கோ, நான் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து அப்படிப் பார்த்ததில்லே. வருஷப்பொறப்புப் பச்சடிக்கு இந்தத் தெரு பூராவும் இந்த மரத்துப் பூதான். நான் ரெண்டு டப்பா வறுத்து வெச்சுண்டிருக்கேன். அம்பாளோட கடாட்சம்னு எல்லாரும் சொல்லிண்டிருந்தோம்.”

மாமி சொன்னது மூன்றாவது சாட்சி. ஆனால் அதை அப்போது சொல்லிப் பயனில்லை, ஒருத்தரும் கேட்கிற நிலையில் இல்லை. அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் வந்தது. செயலாளர் அதற்குள் அவரிடம் பேசிவிட்டிருந்தார்.

“என்னம்மா இது, சாமி விஷயத்துல எல்லாம் தலையிட்டுக்கிட்டு? அடையாறு, மயிலாப்பூர்னு நமக்கு வேலை பிடிச்சுக் கொடுக்கற ஆளும்மா அவரு. பேசாம கிளம்பி வாங்க.”

“சாப்பிட்டுட்டு வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். ஆட்டோ பிடித்து நேரே தி.நகர் போனேன்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் தி.நகருக்குப் போகிறவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது என்னைப்போல் கோபம் பிடித்திருக்க வேண்டும். ரோட்டில் இறங்கினால் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்குள் போட்டுவிடும். முழங்கையால் இடித்துக்கொண்டு மாடியேறினேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் சேலைகளை எடுத்துப் போட்டான்.

“யாருக்குக்கா? ஒங்களுக்கா, குடுக்கதுக்கா?”

“மரத்துக்குப்பா.”

அவன் முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை. “அம்மனுக்கா? மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா? மஞ்சள்ல செவப்புக் கரை எடுங்க. மரம் பெருசுன்னா ஒம்பது கெசம் எடுத்துருங்க, சுத்துக்கு வரணும்லா.”

நான் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கூட்டம் கலைந்திருந்தது. கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு செயலாளருடைய சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தன்னைத் துரத்தப் போகிறவனின் சட்டைக் காலரை அவ்வளவு கவனமாகத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து சேலையை எடுத்து வண்டி மேல் வைத்தேன்.

அவள் கை நின்றது. “யாருக்கு மேடம்?”

“அம்மனுக்குத்தான். நான் தெரியாம கை வெச்சது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்குப் பதிலா புதுசு வாங்கிட்டு வந்திருக்கேன். ஏன் கன்னியம்மா, தையில கட்டின சேலை. மழையும் வெயிலும் பட்டுக் கிழியுது. ஆடி வெள்ளிக்குக் கூடவா மாத்த மாட்டீங்க?”

“நான் கேட்டேன் மேடம். பங்குனிலயே எம்பொண்ணு சம்பளத்துல ஒண்ணு எடுத்தாரேன்னு சொன்னேன். சாரு வேணாம்ட்டாரு. வேண்டுதலாம், வருசம் முடிய அவுக்கக் கூடாதாம்.”

மாமி பால்கனியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அது என்ன வேண்டுதல்? அம்பாளுக்கு ஆடி மாசம் அழுக்குப் புடவையைக் கட்டி வெக்கறதாகூட வேண்டுதல் உண்டா? நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா. கன்னியம்மா, நீ மஞ்சத் தண்ணி கலந்து வை, நான் வரேன்.”

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். பழசை அவிழ்க்காமல் அம்மனுக்குப் புதுசு சாத்த முடியாது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பூக்காரம்மா தானாகவே ஒரு முழம் கதம்பத்தோடு வந்துவிட்டாள். காலையில் என்னை அடிக்க வந்த கூட்டம் அத்தனையும் மறுபடி கூடியது, இந்த முறை கும்பிட. செயலாளரும் ஓடி வந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

“வேண்டாம்மா, வேண்டாம். தெய்வக் குத்தம் ஆயிடும். கன்னியம்மா, சொன்னாக் கேளு.”

“நீங்க கம்னு இருங்க சார்” என்றாள் கன்னியம்மா. “வெள்ளிக்கெயமையில அம்மனுக்குப் புதுசு வந்துகீது, வேணான்னு திருப்பி அனுப்பறதா?” கையைக் கழுவிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, முடிச்சில் கை வைத்தாள்.

சேலை உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தாள். பாதி வந்ததும் அவள் விரல்கள் நின்றுவிட்டன. தடவிப் பார்த்தாள், மறுபடி தடவிப் பார்த்தாள்.

“யக்கா” என்றாள். காலையில் ‘எட்டப் போ’, மதியம் மேடம், இப்போது அக்கா. “யக்கா, இங்க பட்டையே இல்லக்கா.”

மீதிச் சேலையும் விழுந்தது. ஒரு சாண் அகலத்துக்கு மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக அறுத்து எடுத்திருந்தார்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கோடு போட்டாற்போல் நேராக இருந்தன, மெஷின் வைத்து அறுத்தது. உள்ளே கட்டை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மேல் விளிம்பு உதடுபோல் வீங்கித் தொங்கியது. மதில் சுவரை ஒட்டிய பக்கத்தில் மட்டும் மெஷின் நுழையாததால் ஒரு கை அகலப் பட்டை தப்பித்திருந்தது. ஆறு மாதமாக அந்த மரம் உயிரோடிருந்தது அந்த ஒரு கீற்றுப் பட்டையால்தான். “அடப்பாவி” என்றாள் பூக்காரம்மா.

எனக்கு அதுவரை அடக்கி வைத்த கோபம் அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது. நீங்கள் சைலம், ஃபுளோயம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினீர்களே, அதை நான் அங்கே நடுத்தெருவில் நின்று கத்தினேன். “வேர் உறிஞ்சற தண்ணி உள்கட்டை வழியா மேல ஏறும். இலை சமைக்கற சாப்பாடு இந்தப் பட்டை வழியாத்தான் கீழ எறங்கும். பட்டையை எடுத்தா தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும், மரம் பச்சையாத்தான் நிக்கும், எவனுக்கும் சந்தேகம் வராது. ஆனா வேருக்குச் சோறு கிடையாது. வேர் கொஞ்சம் கொஞ்சமாப் பட்டினி கிடந்து சாகும். அப்புறம்தான் மேல காயும். அதுக்குள்ள ஆறு மாசம் ஓடிடும். பழியைத் தூக்கி யார் மேல வேணும்னாலும் போடலாம். இந்த மேல் விளிம்பைப் பாருங்க, ஏன் வீங்கியிருக்கு? கீழ எறங்க வந்த சாப்பாடு வழியில்லாம இங்க வந்து முட்டி நிக்குது!”

“அப்போ அந்தப் பூ?” என்று கேட்டார் மாமி.

“வேருக்குப் போக வேண்டிய சாப்பாடு முழுக்க மேலயே தங்கிடுச்சு மாமி. மரம் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? பூவா பூத்துத் தள்ளிடுச்சு.”

மாமி கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, அதையா நாங்க பச்சடி பண்ணிச் சாப்டோம்” என்றார்.

கன்னியம்மா மரத்தைப் பார்க்கவில்லை. செயலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பொங்கலுக்கு நான் இல்லாதப்போ பண்ணிகீறீங்க” என்றாள், சத்தமே இல்லாமல். “நான் இத்தத்தான் சார் வெள்ளிக்கு வெள்ளி கும்ட்டுகினு இருந்தேன்.”

அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? “யாரோ விஷமிங்க பண்ணியிருக்காங்க. காயம் தெரியக் கூடாதேன்னுதான் நான் துணியைக் கட்டினேன்.” காயத்தைப் பார்த்தவன் ஆறு மாதம் யாருக்கும் ஏன் சொல்லவில்லை, பழியை ஏன் இஸ்திரிக்காரி மேல் போட்டான் என்று கேட்டேன். பதிலை மாமியே சொன்னார். இரண்டாவது காருக்கு வழி வேண்டும், மதிலை இடித்து இன்னொரு கேட் வைக்க வேண்டும் என்று செயலாளர் இரண்டு வருடமாகச் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தாராம். மரம் குறுக்கே நிற்கிறது. பச்சை மரத்தை வெட்ட அனுமதி வாங்குவது பாடு. பட்ட மரத்தை வெட்டுவது சுலபம்.

ஆபீஸுக்கு வந்தால் அங்கே முதலாளி உட்கார்ந்திருக்கிறார். “துணி, சாமி எதுவும் ரிப்போர்ட்ல வேணாம்மா. ‘இயற்கைக் காரணங்கள்’னு போட்டுடுவோம். வண்டியை எடுக்க வேணாம்னு நான் சொல்லிக்கறேன்.” இயற்கை என்ன மெஷின் வைத்துக்கொண்டா வந்தது? யார் அறுத்தது என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் அதை எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன். வளையமாக அறுக்கப்பட்ட பட்டை, மெஷின் தடம், அதன் மேல் தை மாதம் முதல் கட்டப்பட்டிருந்த சேலை, கட்டியவர் தானே கட்டியதாக எல்லோர் முன்பும் சொன்னது, சாம்பல் பக்கத்தில் துளிர்த்திருந்த குருத்து. ‘இஸ்திரி வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று தனி வரியாக எழுதினேன். கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, இதில் ஒரு சொல்லை மாற்றினாலும் நாளைக்கு நான் அந்தத் தெருவிலேயே போய் உட்காருவேன் என்றேன். அவர் மாற்றவில்லை. அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பேசாவிட்டால் போகிறது.

லாரி வரவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டுக் குடியிருப்புக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வண்டி இருக்கட்டும், மரம் இருக்கட்டும் என்று முடிவானது. போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று மாமி ஒருத்தர்தான் சொன்னாராம். மற்றவர்கள் எல்லாம் ‘எதுக்கு மாமி, ஒரே பில்டிங்ல முகத்துல முழிக்கணும்’ என்றார்களாம். அந்த ஆள் செயலாளராகவே தொடர்ந்தார்.

மறு வாரம் மரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனேன். தூரில் முளைத்த குருத்துகளில் நல்ல நீளமானவற்றைக் காயத்துக்குக் குறுக்கே மேலே வளைத்து, நுனியைச் சீவி, வீங்கிய மேல்பட்டைக்குள் செருகி இறுக்கிக் கட்டி மெழுகு பூச வேண்டும். ஒட்டிக்கொண்டால் அந்தக் குருத்து வழியாக வேருக்குச் சோறு இறங்கும். சாம்பலடியில் முளைத்ததுதான் கடைசியில் மரத்துக்குக் கை கொடுத்தது. சிலது ஒட்டியது, சிலது காய்ந்தது. உச்சி போனது போனதுதான். பாதி மரம் பிழைத்தது, கன்னியம்மாவின் தலைக்கு மேல் இருந்த பாதி.

நான் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வண்டியில் ஒரு மஞ்சள் துணியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அந்தப் பழைய சேலை. குழாயடியில் அடித்துத் துவைத்து, காய வைத்து, தண்ணீர் தெளித்து, கரையை நீவி நீவி மடிப்புக் கலையாமல் தேய்த்தாள். மரத்தில் என் புதுச் சேலை காயத்துக்கு மேலே, கிளை பிரிகிற இடத்தில் கட்டியிருந்தது. காயம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி திறந்தே இருந்தது. அது அவள் ஏற்பாடு.

தேய்த்த சேலையைச் செயலாளருடைய வெள்ளைச் சட்டைகளின் மேல் வைத்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, “வா யக்கா, மேல போய்ட்டு வந்துடலாம்” என்றாள். நானும் மெழுகுக் கையோடு பின்னால் போனேன். சாயங்கால நேரம். படிக்கட்டில் டியூஷன் பிள்ளைகள், வேலை முடித்து வருகிறவர்கள், கதவோரத்தில் மாமி. அவள் மணியை அடித்தாள். அவரே திறந்தார்.

“உங்க துணி சார். சட்டையெல்லாம் சரியா கீதான்னு பாத்துக்கங்க. இன்னிமே வேற யார்ட்டயாவது குடுத்துக்கங்க, எனுக்கு ஒத்து வராது. இது உங்க சேல.”

“அது அம்மனுக்குக் கட்டினதும்மா. எனக்கு எதுக்கு?”

“அம்மனுக்குக் கட்டனது மரத்துல கீது சார். இது நீங்க உங்களுக்கு வாங்கனது.” மடிப்புக் கலையாமல் நீட்டினாள். “தொவைச்சி தேய்ச்சிட்டேன். வேற எதுனா மூடி மறைக்கணும்னா ஆவும், வெச்சுக்கங்க.”

படிக்கட்டில் நின்ற யாரும் நகரவில்லை. அவர் ஒரு முறை எல்லோரையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.